முயலும் அதன் குருட்டுக்குடலும்

முயல் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது காதை, அடுத்தபடியாகக் கண்ணை, அதற்கும் அடுத்தபடியாக, கையில் எடுத்துத் தடவி, ரோமத்தின் மிருதுத்தன்மையை. இவை மூன்றும் பார்க்கத்தக்கவையே. ஆனால் அந்தப் பிராணி இன்னும் எட்டு ஆண்டோ பத்து ஆண்டோ நம் வீட்டில் சௌக்கியமாக இருக்கப் போகிறதா, அல்லது அடுத்த வாரத்திலேயே கூட்டின் மூலையில் விறைத்துக் கிடக்கப் போகிறதா என்பதைத் தீர்மானிக்கிற உறுப்பு, வாங்குகிறவர் கண்ணில் படாமல் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கிற இடத்தில் ஒரு பக்கமாகப் பிரிந்து, மறுமுனை அடைபட்டு நிற்கிற அந்தப் பைக்குக் குருட்டுக்குடல் என்று பெயர். மனிதனுக்கும் அது உண்டு. ஆனால் நம்மிடம் சில அங்குலத்தோடு நின்றுவிட்ட அது, முயலிடம் ஜீரண மண்டலத்தின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 40 சதவீதத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. முதன்முதலாக முயல் வளர்க்க முற்படுகிறவர்கள், தாங்கள் வளர்க்கப் போவது ஒரு முயலை மட்டுமல்ல, அந்தப் பைக்குள் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகிற விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

அதற்கு முன், இந்த முயல் எந்த முயல் என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் புதர்க்காடுகளிலும் கொல்லைமேடுகளிலும் அந்தி வேளையில் குறுக்கே பாய்ந்தோடுகிற, பிடரியில் கறுப்புத் திட்டுடைய முயல் வேறு. கூண்டில் வைத்து விற்கப்படுகிற வெள்ளை முயல் வேறு. முன்னது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, சீக்கிரத்திலேயே எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். பின்னதன் குட்டிகளோ நிலத்தடி வளையில் ரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறந்து, பத்து நாட்களுக்குப் பிறகே உலகத்தைப் பார்க்கும். முன்னதன் குரோமோசோம்கள் 48, பின்னதற்கு 44. ஆகவே இரண்டுக்கும் கலப்பு ஏற்பட வழியில்லை. நம் நாட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு முயல்கள் யாவும், வெள்ளையானாலும் சாம்பல் நிறமானாலும், காது நிமிர்ந்தாலும் தொங்கினாலும், ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் வறண்ட சரிவுகளில், முரட்டுப் புல்லைக் கடித்துக்கொண்டு வளைகளில் கூட்டமாக வாழ்ந்த ஒரே இனத்தின் வாரிசுகள். சிவந்த கண் அவற்றின் ஜாதி லட்சணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணின் நிறமியே இல்லாமற்போனதால் உள்ளிருக்கும் ரத்த நாளங்கள் தெரிவதன்றி அதில் வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

நாயும் ஆடும் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் முயல் நேற்று வந்த பிராணி. கி.பி. 600 வாக்கில் போப்பாண்டவர் ஒருவர், பிறக்காத முயற்குட்டியின் மாமிசம் விரத நாட்களுக்கு ஏற்றதென்று அனுமதி அளித்தார் என்றும், அதனால் பிரெஞ்சு மடாலயத்துத் துறவிகள் முயலைப் பழக்கத் தொடங்கினார்கள் என்றும் ஒரு கதை அறிவியல் நூல்களிலேயே நெடுங்காலம் வழங்கிவந்தது. 2018-ல் மூல ஆவணங்களைத் தேடிப்போனவர்கள், அப்படி ஓர் ஆணையே இல்லை, பழைய சரித்திரக் குறிப்பு ஒன்றைத் தவறாகப் படித்ததன் விளைவே அது என்று காட்டிவிட்டார்கள். சுவையான கதைகள் சாட்சியம் கேட்கப்படாமலே எவ்வளவு தூரம் பிரயாணம் செய்துவிடுகின்றன! பழக்கப்பட்டதால் முயலுக்கு நேர்ந்த மாறுதலைப் பற்றி நம்பத்தகுந்த தகவல் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டு முயல்களின் மண்டையோடுகளை அளந்து பார்த்த டார்வின், சரீரத்தின் பருமனுக்கு ஏற்ப மூளை வளரவில்லை என்று 1868-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 2018-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் உள்ளிட்ட ஒரு குழுவினர் எட்டுக் காட்டு முயல்களையும் எட்டு வீட்டு முயல்களையும் காந்த அதிர்வுப் படக் கருவியில் வைத்துப் பார்த்தபோது, பயத்தை எழுப்புகிற அமிக்டலா என்னும் பகுதி வீட்டு முயலிடம் சிறுத்தும், அந்தப் பயத்தை அடக்குகிற முன்மூளைப் பகுதி பெருத்தும் இருக்கக் கண்டார்கள். மனிதனோடு வாழ்ந்ததில் முயலின் பயம் குறைந்திருக்கிறது. குடலில் மட்டும் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் நேரவில்லை. ஸ்பெயின் தேசத்து மலைச்சரிவின் காய்ந்த புல்லை எதிர்பார்த்தே அது இன்னமும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மென்று விழுங்கிய புல் இரைப்பையையும் சிறுகுடலையும் தாண்டிப் பெருங்குடலின் தொடக்கத்துக்கு வந்ததும், அங்கே ஒரு விசித்திரமான பாகுபாடு நடக்கிறது. முறத்தில் புடைத்து நொய்யையும் உமியையும் பிரிப்பதுபோல, குடற்சுவரின் அசைவுகள் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நார்த்துண்டுகளை நடுவழியாக முன்னே தள்ளிவிட்டு, நுண்ணிய துகள்களையும் சாற்றையும் ஓரமாகப் பின்னோக்கி ஒதுக்கிக் குருட்டுக்குடலுக்குள் அனுப்புகின்றன. முன்னே போன நார், நாம் தினமும் காண்கிற உருண்டையான, காய்ந்த, நாற்றமற்ற புழுக்கையாக வெளியேறிவிடுகிறது. உள்ளே ஒதுங்கிய பகுதியோ நுண்ணுயிர்களால் பல மணிநேரம் நொதிக்கப்பட்டு, புரதமும், பி வகை வைட்டமின்களும், வைட்டமின் கே-யும் நிறைந்த வேறொரு பொருளாக மாறி, சவ்வுத்தோல் போர்த்திய கரிய சிறு மணிகள் கொத்தாகச் சேர்ந்த உருவத்தில், பெரும்பாலும் இரவின் பிற்பகுதியிலோ விடியற்காலையிலோ வெளிப்படுகிறது. இதை மென்புழுக்கை எனலாம். முயல் இதைத் தரையில் விழ விடுவதில்லை. உட்கார்ந்த நிலையிலேயே தலையைப் பின்னங்கால்களுக்கிடையே தாழ்த்தி, ஆசனவாயிலிருந்து நேரே எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிட்டு, ஏதோ முகம் கழுவிக்கொண்டதுபோன்ற பாவனையில் நிமிர்ந்து உட்காரும். அந்தச் சவ்வு இரைப்பையின் அமிலத்திலிருந்து உள்ளடக்கத்தைப் பல மணிநேரம் காப்பதால், நொதித்தல் அங்கேயும் தொடர்கிறது. 1882-ல் மோரோ என்னும் பிரெஞ்சு மிருக வைத்தியர் இதை ஆராய்ந்து எழுதினார். மாடு இரைப்பையிலிருந்து வாய்க்கு மீட்டு அசைபோடுகிறது. முயல் சுற்றுவழியில் அதே பலனை அடைகிறது. இதைக் கண்ட புதியவர்கள் அருவருப்படைந்து, கூட்டின் தரையை மாற்றியும் முயலை விரட்டியும் தடுக்க முயல்வதுண்டு. தடுத்தால் அதன் ஆகாரத்தில் ஒரு பகுதியைப் பறித்தவர்களாகிறார்கள்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய முரண்பாடு ஒன்று உண்டு. முயல் நிறைய நாரைத் தின்ன வேண்டும்; ஆனால் அந்த நாரின் பெரும்பகுதியை அது ஜீரணிப்பதில்லை. நீண்ட நாரின் வேலை போஷிப்பதன்று, குடலை அசைய வைப்பது. நார் குறைந்தால் அசைவு குறைகிறது. அசைவு குறைந்தால் குருட்டுக்குடலில் சரக்கு தேங்குகிறது. தேங்கிய இடத்தில் மாவும் சர்க்கரையும் சேர்ந்தால், நன்மை செய்கிற நுண்ணுயிர்கள் ஒடுங்கி, கிளாஸ்டிரிடியம் முதலிய நச்சுக் கிருமிகள் பெருகிவிடுகின்றன. சோறு, ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் ஆகியவற்றை முயல் ஆவலோடு தின்னும் என்பது உண்மையே. ஆவலுக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு மனிதர்களிடையேயும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. படக்கதைகளால் முயலுக்கே உரிய உணவென்று பெயரெடுத்துவிட்ட காரட், உண்மையில் சர்க்கரை மிகுந்த கிழங்கு. விரல் நுனி அளவு துண்டை எப்போதாவது கொடுக்கலாம். அதன் தழையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆகவே முயலின் ஆகாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாகவும் உலர்புல்லாகவும் இருக்க வேண்டும். அதுவும் நாள் முழுவதும், இரவு முழுவதும், தீரத் தீர வைக்கப்பட வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் விதந்தோதுகிற திமோதிப் புல் இங்கே பொட்டலத்தில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். அறுகம்புல், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல், கம்பு நேப்பியர் ஆகிய நம் ஊர்த் தீவனப் புற்களைக் கழுவி, நிழலில் உலர்த்திக் கொடுத்தால் அதே காரியம் நடக்கும். சாலையோரத்தில் அறுத்த புல்லில் நாயின் மூத்திரமும் வாகனப் புகையும் இருக்கும்; புல்வெட்டும் இயந்திரம் குவித்த புல் சீக்கிரம் புளித்துவிடும்; இரண்டும் கூடாது. நெல் வைக்கோல் படுக்கைக்கு உதவும், உணவாகாது. குதிரைமசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதியாதலால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மட்டுமே அது தகும். சூபாபுல் தழையில் உள்ள மைமோசின் ரோமத்தை உதிர வைக்கும். கொத்தமல்லி, புதினா, காரட் தழை முதலியவற்றை அன்றாடம் ஒரு பிடி சேர்க்கலாம். எந்தப் புதிய தழையையும் ஒரே நாளில் நிறையக் கொடுக்காமல், நாலைந்து நாட்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஏனென்றால் உணவு மாறினால் நுண்ணுயிர்களின் கூட்டமும் மாறியாக வேண்டும், அதற்கு அவகாசம் தேவை. கடையில் விற்கும் குச்சித் தீவனம், வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும்.

விற்கிறவரின் யோசனை வேறு விதமாக இருக்கும். “தண்ணியே வைக்காதீங்க ஸார், வயிறு ஊதிச் செத்துப் போயிடும், முட்டைக்கோஸ் போட்டாப் போதும்” என்று அவர் அடித்துச் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் வாதிட்டுப் பயனில்லை. முயலை வாங்கிக்கொண்டு யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். முயல் தன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லி வரை தினமும் தண்ணீர் குடிக்கிற பிராணி. கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். கவிழாத கனத்த கிண்ணத்தில் வைப்பது உத்தமம். அது கழிக்கிற சிறுநீர் சில நாட்களில் சுண்ணாம்புக் கலங்கலாகவும், சில நாட்களில் செம்பழுப்பாகவும் இருக்கக் கண்டு கலவரப்பட வேண்டாம். முயலின் குடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிவப்பு பெரும்பாலும் தழைகளின் நிறமி. நிறம் மாறியதோடு முக்கி முக்கிக் கழித்தால் மட்டும் வைத்தியரிடம் போக வேண்டும்.

வாங்குகிற வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைக்குள் அடங்குகிற குட்டிதான் அழகு என்று நான்கு, ஐந்து வாரக் குட்டிகளை விற்கிறார்கள். தாய்முயல் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிஷங்களே பாலூட்டும். ஆனால் அந்தப் பாலில் இரைப்பையைக் கிருமிகளிடமிருந்து காக்கிற பொருள் இருக்கிறது. பால் மறந்த பிறகு கடுமையான அமிலம் அந்தக் காவலை ஏற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில், காவலற்ற வயிற்றோடு, தாயைப் பிரிந்து, புதிய வீட்டில் முட்டைக்கோஸைத் தின்னும் குட்டி கழிச்சல் கண்டு இறப்பதில் வியப்பில்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள்.

புல்லின் தேவை குடலோடு முடியவில்லை. முயலுக்குப் பற்கள் 28; அத்தனையும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். மேல் வரிசை முன்பற்களுக்குப் பின்னால் சிறிய ஜோடி ஒன்று ஒளிந்திருப்பதை உதட்டை மெல்ல விலக்கினால் காணலாம். எலியினத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டுவந்த முயலை 1912-ல் கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் தனி வரிசையாகப் பிரித்ததற்கு இந்தப் பற்களும் ஓர் ஆதாரம். புல்லிலுள்ள மணற்சத்து கடைவாய்ப் பற்களைப் பக்கவாட்டு அரைப்பில் தேய்த்துக்கொண்டிருக்கும். புல்லில்லாத முயலுக்கு அவை ஊசியாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும், வலியால் தின்னாது, தின்னாததால் குடல் நிற்கும். எல்லா வழியும் மறுபடி குருட்டுக்குடலுக்கே வந்து சேர்கிறது.

முயல் வளர்ப்பவர் தினமும் காலையில் செய்ய வேண்டிய பிரதான காரியம், அதைக் கொஞ்சுவதன்று, புழுக்கையைப் பார்வையிடுவது. ஆரோக்கியமான முயல் ஒரு நாளில் இருநூறு முந்நூறு புழுக்கைகள் போடும். அவை ஏறக்குறைய ஒரே அளவாக, உருண்டையாக, விரலால் நசுக்கினால் புல்தூளாக உதிர்வனவாக இருக்கும். சிறுத்துக் கறுத்து உருமாறினாலும், எண்ணிக்கை குறைந்தாலும் குடல் மந்தப்படுகிறது என்று அர்த்தம். பிற மிருகங்களுக்கு இரையாகப் பிறந்த பிராணி தன் நோயை வெளிக்காட்டாது. காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதானே! கூனிக்குறுகி உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, பிடித்த தழையை நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், வியாதி ஏற்கெனவே முற்றியிருக்கிறது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. அரைநாள் முழுதும் அது ஒன்றும் தின்னாமலிருந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

முயலின் பயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தலையின் இரு பக்கமும் பதிந்த கண்களால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கிறது. பார்க்க முடியாதது மூக்கின் நேர் எதிரே உள்ள சிறு இடம் மட்டும். நாம் அன்போடு கையை நீட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். பக்கவாட்டிலிருந்து, தரையோடு தரையாக உட்கார்ந்து, நெற்றியைத் தடவுவதே முறை. மேலிருந்து வந்து கவ்வித் தூக்குவது எதுவானாலும் அதன் ரத்தத்தில் அது பருந்துதான். காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கத்தைக் கொடுமை என்றே சொல்ல வேண்டும். முயலின் எலும்புக்கூடு சரீர எடையில் சுமார் எட்டுச் சதவீதமே; பின்னங்கால் தசைகளோ மிகப் பலம் வாய்ந்தவை. ஆகையால் பின்புறத்துக்கு ஆதாரமின்றித் தூக்கினால், அது உதைக்கிற உதையிலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை புட்டத்துக்கடியிலுமாக, நம் உடம்போடு அணைத்து எடுக்க வேண்டும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடப்பதைச் சுகம் என்று எண்ணுவோர் பலர். பயத்தின் உச்சத்தில் செத்ததுபோல் கிடப்பதே அது. பயம் நீங்கிய முயலை அடையாளம் காண்பது சுலபம். நாற்காலிக் காலிலும் கதவோரத்திலும் நம் கால் கட்டைவிரலிலும் மோவாயைத் தேய்த்துக்கொண்டு போகும். மோவாயடியில் உள்ள வாசனைச் சுரப்பிகளால் இது தன் எல்லை என்று குறியிடுகிற வேலை அது. ஆஸ்திரேலியாவில் 1960-களில் இதை ஆராய்ந்த மிக்கிடோவிச் என்னும் விஞ்ஞானி, கூட்டத்தில் அதிகாரம் மிக்க ஆண் முயலுக்கே அந்தச் சுரப்பி பெரிதாயிருப்பதைக் கண்டார்.

நம் சமவெளியில் முயலின் பெரிய சத்துரு வெயில். அதற்கு வியர்வை இல்லையென்றே சொல்லலாம். நாயைப்போல் மூச்சிரைத்து உஷ்ணத்தை இறக்கும் சக்தியும் குறைவு. காதுகளின் ரத்த நாளங்களை விரித்து வெப்பத்தைக் காற்றில் விடுவதொன்றே அதன் உபாயம். காற்றே 38 டிகிரியில் கொதிக்கும்போது அந்த உபாயம் எங்கே பலிக்கும்? 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு அவஸ்தைதான். மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல் வளர்ப்பதற்குக் கொடைக்கானல் மலைமீதுள்ள மன்னவனூர் வாய்த்த இடமாக இருக்கிறது. வேலூரிலோ மதுரையிலோ இருப்பவர்கள் அந்தச் சீதோஷ்ணத்துக்கு மாற்று தேட வேண்டும். மொட்டை மாடியும் தகரக் கொட்டகையும் உதவா. வீட்டின் குளிர்ந்த அறையில், மின்விசிறியின் கீழே, உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் முயல் தானாக வந்து சாய்ந்துகொள்ளும். ஈர விரலால் காதைத் தடவலாம். குளிர்ச்சிக்காகவென்று தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டுவது கூடாது. அதிர்ச்சியிலேயே அது இறந்துவிடக்கூடும்.

இருப்பிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தாவல் தாவவும் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும் இடம் வேண்டும். ஒளிந்துகொள்ள இருவாசல் உள்ள அட்டைப்பெட்டி வேண்டும். முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் உள்ள மெத்தைகள் இல்லாமையால் கம்பித்தளம் புண்ணாக்கும், வழவழப்பான டைல்ஸ் வழுக்கும். கோரைப்பாய் விரித்தால் நடப்பதற்கும் ஆயிற்று, கடிப்பதற்கும் ஆயிற்று. அது தானாகவே ஒரு மூலையைக் கழிப்பிடமாகத் தேர்ந்தெடுக்கும். அங்கே காகிதம் பரப்பிய தட்டை வைத்து, பக்கத்திலேயே உலர்புல்லையும் வைத்துவிட்டால், தின்றுகொண்டே கழிக்கும் வழக்கமுள்ள பிராணியாதலால் பெரும்பாலும் இடம் தவறாது. செல்போன் சார்ஜரின் ஒயர் அதன் கண்ணுக்கு வளையில் குறுக்கிட்ட வேர், எட்டாமல் வையுங்கள். அரளிச் செடியையும் மணிபிளாண்டையும் அப்புறப்படுத்துங்கள்.

மருந்து விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். வீட்டில் மீந்த அமாக்ஸிஸிலின் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றினால், அது குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நோயைவிட முந்திக்கொண்டு முயலைக் கொன்றுவிடும். நாயின் உண்ணிக்குத் தடவும் பிப்ரோனில் முயலுக்கு விஷம். முயலின் உடற்கூற்றை அறிந்த மிருக வைத்தியர் சிற்றூர்களில் முயற்கொம்பாகத்தான் இருக்கிறார். ஆகவே நோய் வந்த பிறகு தேடாமல், முயலை வாங்குமுன் வைத்தியரைத் தேடி வைத்துக்கொள்வது விவேகம்.

தனி முயல் வாடும், ஆகவே ஜோடி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் “ரெண்டும் பொட்டைதான்” என்கிற விற்பனையாளரின் உறுதிமொழியைக் குட்டிப் பருவத்தில் நம்புவதற்கில்லை. பெண் முயலுக்குப் பருவ காலம் என்று தனியாக எதுவுமில்லை. சேர்க்கையே கருமுட்டையை வெளிப்படுத்தும். சேர்ந்த ஒரு மாதத்தில் குட்டிகள் பிறக்கும். பிறந்த அன்றே அது மறுபடியும் சினைப்படக்கூடும். கருத்தடைச் சிகிச்சை பெறாத பெண் முயலுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் சகஜம் என்பதால், சிகிச்சை இரு பாலுக்கும் நல்லது. நான்கு மாதம் ஆனதும் வைத்தியரிடம் காட்டிப் பாலை நிச்சயித்துக்கொண்டு, ஆண் முயலுக்கு முதலில் சிகிச்சை செய்துவிட வேண்டும். செய்த பிறகும் சுமார் ஆறு வாரங்கள் அதற்குச் சினைப்படுத்தும் ஆற்றல் மிஞ்சியிருக்குமாகையால், அதுவரை இரண்டையும் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிகிறபடி நடுவே கம்பித் தடுப்பு வைத்துத் தனித்தனியே வளர்க்க வேண்டும்.